ஏழு சீட்டு ஸ்டட் போக்கர்: யார் முதலில் ஆடுவது, எப்போது, ஏன்?

கேள்வி இதுதான்: "ஹோல்டெம் ஓரளவு ஆடத் தெரியும். ஏழு சீட்டு ஸ்டட் கற்றுக்கொள்ள ஆசை. ஆனால் விதிகளைப் படித்தால் தலை சுற்றுகிறது. முதல் சுற்றில் சின்ன சீட்டுக்காரர் தொடங்குகிறார், அடுத்த சுற்றில் பெரிய சீட்டுக்காரர் தொடங்குகிறார், நடுவில் பந்தயத் தொகை இரட்டிப்பாகிறது. இதையெல்லாம் எப்படிப் புரிந்துகொள்வது? எங்கிருந்து ஆரம்பிப்பது?"

ஹோல்டெம், அதாவது மேசை நடுவில் எல்லோருக்கும் பொதுவான சீட்டுகளை வைத்து ஆடும் போக்கர் வகை, பழகியவர்கள் முதலில் தடுமாறுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். விதிகளைத் தனித்தனியாக மனப்பாடம் செய்யப் பார்த்தால் குழம்பத்தான் செய்யும். அதற்குப் பதிலாக ஒரே ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஸ்டட்டில் மேசை நடுவில் பொதுச் சீட்டு கிடையாது. ஒவ்வொருவருக்கும் அவரவர் ஏழு சீட்டுதான். அந்த ஏழில் நான்கு எல்லோர் கண்ணுக்கும் தெரியும்படி திறந்திருக்கும், மூன்று கவிழ்ந்திருக்கும். யார் தொடங்குவது, எவ்வளவு கட்டுவது, எதை நினைவில் வைப்பது எல்லாமே அந்தத் திறந்த நான்கு சீட்டிலிருந்து வருகிறது.

தேவையானவை கொஞ்சம்தான். ஜோக்கர் எடுத்த 52 சீட்டு உள்ள ஒரு கட்டு, சில்லுகள், இரண்டு முதல் எட்டு பேர் வரை ஆட்கள். கற்றுக்கொள்ளும்போது காசு வைக்காமல் வெறும் சில்லுகளோடு ஆடுங்கள். இதை ஒழுக்கம் பேசுவதற்காகச் சொல்லவில்லை. காசு போகிறதே என்ற பதற்றத்தில் மற்றவர் சீட்டைப் பார்க்கும் பழக்கம் வரவே வராது, இந்த ஆட்டத்துக்கோ அந்தப் பழக்கம்தான் உயிர்.

நோக்கம்: உங்களிடம் உள்ள ஏழு சீட்டில் சிறந்த ஐந்தைச் சேர்த்து, கடைசி வரை மிஞ்சியிருப்பவர்களில் மேலான கையைக் காட்டுவது. அல்லது அதற்கு முன்பே மற்ற எல்லோரையும் விலக வைப்பது. இரண்டில் எது நடந்தாலும் நடுவில் குவிந்த சில்லுகள், அதாவது பாட், உங்களுக்கு.

கைகளின் வரிசை ஹோல்டெமில் உள்ளதேதான். எல்லாவற்றுக்கும் மேலே ஸ்ட்ரெய்ட் ஃப்ளஷ், அதாவது ஒரே இனத்தில் அடுத்தடுத்த ஐந்து எண்கள். அதிலும் உச்சமாக 10, ஜாக், ராணி, ராஜா, ஏஸ் ஐந்தும் ஒரே இனத்தில் வந்தால் ராயல் ஃப்ளஷ். அடுத்து ஒரே எண்ணில் நான்கு, அப்புறம் ஃபுல் ஹவுஸ் (ஒரே எண்ணில் மூன்றும் ஒரு ஜோடியும்), ஃப்ளஷ் (ஒரே இனத்தில் ஐந்து), ஸ்ட்ரெய்ட் (அடுத்தடுத்த ஐந்து எண்கள்), ஒரே எண்ணில் மூன்று, இரண்டு ஜோடி, ஒரு ஜோடி, கடைசியாக ஜோடியே இல்லாத வெறும் பெரிய சீட்டு. ஏஸ் ஸ்ட்ரெய்ட்டில் இரண்டு பக்கமும் நிற்கும்: ஏஸ், 2, 3, 4, 5 என்றும் வரலாம், 10 முதல் ஏஸ் வரை என்றும் வரலாம். ஆனால் ராணி, ராஜா, ஏஸ், 2, 3 என்று வளைத்துச் சுற்றிக்கொண்டு போக முடியாது. இரண்டு பேரின் ஐந்து சீட்டும் எண்ணில் அப்படியே சமமாக இருந்தால் பாட்டைப் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். ஸ்பேட் பெரியது, கிளாவர் சின்னது என்ற பேச்சு வெற்றியைத் தீர்மானிக்கும்போது எடுபடாது. இன வரிசைக்கு வேலை வரும் இடம் வேறு, அதைச் சற்று நேரத்தில் சொல்கிறேன்.

வரிசை ஒன்றுதான் என்றாலும் எது அடிக்கடி வரும் என்பதைத் தெரிந்துகொள்வது நல்லது. ஏழு சீட்டும் கைக்கு வந்த பிறகு ஜோடிகூட இல்லாமல் நிற்பது சுமார் 17.4 சதவீதம்தான். ஒரு ஜோடியோடு முடிவது 43.8 சதவீதம், இரண்டு ஜோடி 23.5, ஒரே எண்ணில் மூன்று 4.8, ஸ்ட்ரெய்ட் 4.6, ஃப்ளஷ் 3, ஃபுல் ஹவுஸ் 2.6 சதவீதம். ஐந்து சீட்டு மட்டுமே வரும் ஆட்டத்தில் பாதிக்கு மேற்பட்ட கைகளில் ஒன்றுமே இருக்காது. ஏழு சீட்டில் அப்படியில்லை, யாரிடமாவது ஏதாவது இருக்கும். கையில் ஒரு சின்ன ஜோடி இருக்கிறதே என்று கடைசி வரை உட்கார்ந்திருப்பவர் சில்லு இழப்பது இதனால்தான்.

சரி, ஆட்டம் எப்படி ஓடுகிறது என்று பார்ப்போம்.

சீட்டு போடும் முன்பே எல்லோரும் ஒரு சின்னத் தொகையை நடுவில் வைக்க வேண்டும். இதற்கு ஆன்ட்டி என்று பெயர். ஹோல்டெமில் இரண்டு பேர் மட்டும் கட்டாயமாகக் கட்டும் பிளைண்ட் ஸ்டட்டில் கிடையாது. அப்புறம் ஒவ்வொருவருக்கும் இரண்டு சீட்டு கவிழ்த்து, மூன்றாவது திறந்து வைக்கப்படும். அந்த முதல் திறந்த சீட்டை டோர் கார்டு என்பார்கள். ஆக, முதல் பந்தயச் சுற்று தொடங்கும்போதே கையில் மூன்று சீட்டு இருக்கும். அதனால்தான் அந்தச் சுற்றுக்கு மூன்றாம் தெரு, தேர்டு ஸ்ட்ரீட், என்று பெயர். நான்காவது சீட்டு வந்ததும் நான்காம் தெரு, இப்படியே ஏழு வரை. மொத்தம் ஐந்து பந்தயச் சுற்றுகள்.

நான்கு, ஐந்து, ஆறு மூன்றும் திறந்து வரும். ஏழாவது கவிழ்ந்து வரும், அதை ரிவர் என்றும் சொல்வார்கள். இரண்டு கவிழ்ந்தவை, நான்கு திறந்தவை, மறுபடி ஒன்று கவிழ்ந்தது. இந்த அமைப்பு மனதில் நின்றுவிட்டால் பாதிக் கிணறு தாண்டியாகிவிட்டது.

இப்போது உங்களைக் குழப்பிய விஷயம். மூன்றாம் தெருவில் யாருடைய திறந்த சீட்டு மிகச் சின்னதோ அவர் கட்டாயமாக ஒரு சின்னப் பந்தயம் வைத்துத் தொடங்க வேண்டும். இதற்கு ப்ரிங்-இன் என்று பெயர். இங்கே ஏஸ் பெரிய சீட்டு, சின்னதல்ல. ஆக மிகச் சின்னது 2. இரண்டு பேரிடம் ஒரே எண் இருந்தால்தான் இனத்தைப் பார்க்க வேண்டும்: கிளாவர் எல்லாவற்றிலும் தாழ்ந்தது, அதற்கு மேல் டைமண்ட், அதற்கு மேல் ஹார்ட், உச்சியில் ஸ்பேட். கிளாவர் 3-ம் ஹார்ட் 3-ம் மேசையில் இருந்தால் கிளாவர்காரர் கட்ட வேண்டும். இன வரிசைக்கு வேலை இருப்பது இங்கே மட்டும்தான்.

ஏன் சின்ன சீட்டுக்காரர் மீது இந்தச் சுமை? முதல் சுற்றில் யாராவது ஒருவர் ஆட்டத்தைக் கிளப்பியாக வேண்டும், இல்லையென்றால் நல்ல சீட்டு வரும் வரை எல்லோரும் சும்மா காத்திருப்பார்கள். அந்தக் கட்டாயத்தைப் பலமில்லாத சீட்டின் தலையில் கட்டினால், அவர் மனமில்லாமல் வைத்த தொகையைப் பலமுள்ளவர் உயர்த்துவார், உடனே ஆட்டம் சூடுபிடிக்கும். நான்காம் தெருவிலிருந்து கட்டாயம் எதுவும் இல்லை. அப்போது திறந்த சீட்டுகளில் யாருடையது மேலாகத் தெரிகிறதோ அவர் முதலில் பேச வேண்டும். பந்தயம் கட்டலாம், செக் சொல்லி அடுத்தவருக்கு விடலாம். பலமாகத் தெரிபவர் என்ன செய்கிறார் என்பதைப் பார்த்துவிட்டு மற்றவர்கள் முடிவெடுக்கலாம். ஒவ்வொரு புதுச் சீட்டும் அந்தப் பலத்தை மாற்றும், அதனால் தொடங்கும் ஆளும் மாறுவார். ஏழாம் தெருவில் புதிதாகத் திறந்த சீட்டு இல்லாததால் ஆறாம் தெருவில் தொடங்கியவரே மறுபடி தொடங்குவார், அவர் இன்னும் ஆட்டத்தில் இருந்தால். நான்காம் தெருவிலிருந்து இரண்டு பேரின் திறந்த சீட்டுகள் சமமாக இருந்தால் சீட்டு போடுபவரின் இடது பக்கத்திலிருந்து வரிசையாக எண்ணும்போது யார் முதலில் வருகிறாரோ அவர் தொடங்குவார்.

திறந்த சீட்டுகளை மட்டும் வைத்துத்தான் இந்தக் கணக்கு என்பதை மறக்க வேண்டாம். உங்களிடம் கவிழ்ந்த ஏஸ் ஜோடி இருக்கலாம், எதிராளி திறந்து வைத்திருக்கும் 4 ஜோடிதான் மேசையில் பெரியது, அவர்தான் தொடங்குவார்.

பந்தயத் தொகைக்கு வருவோம். ஸ்டட் பெரும்பாலும் நிலையான தொகையில் ஆடப்படுகிறது. ஒரு சின்னப் பந்தயம், அதற்கு இரட்டிப்பான ஒரு பெரிய பந்தயம் என இரண்டு அளவுகள். மூன்றாம், நான்காம் தெருக்களில் சின்னது. ஐந்து, ஆறு, ஏழில் பெரியது. உங்களுக்குத் தோன்றிய தொகையைக் கட்ட முடியாது, உயர்த்துவதும் அதே அளவில்தான். ஒரு சுற்றில் ஒரு பந்தயமும் அதன் மேல் மூன்று ஏற்றமும் என்பது பொதுவாக எல்லை, சில இடங்களில் நான்கு ஏற்றம் வரை விடுவார்கள். நான்காம் தெருவில் ஒரு விதிவிலக்கு உண்டு. யாருக்காவது திறந்த சீட்டிலேயே ஜோடி விழுந்துவிட்டால், அந்தச் சுற்றில் பெரிய பந்தயத்தையே கட்டலாம் என்ற உரிமை உண்டு. முதல் நாள் இதை மறந்தாலும் ஒன்றும் கெட்டுவிடாது, ஆனால் மேசையில் யாராவது அப்படிக் கட்டினால் தப்பாட்டம் என்று சண்டைக்குப் போகாதீர்கள்.

ப்ரிங்-இன் தொகை சின்னப் பந்தயத்தைவிடக் குறைவு. அடுத்தவர் அதைக் கால் செய்யலாம், அதாவது அதே தொகையை வைத்துத் தொடரலாம், அல்லது முழுச் சின்னப் பந்தய அளவுக்கு நிரப்பலாம். இந்த நிரப்புதல் ஏற்றமாக எண்ணப்படாது. கட்டாயத் தொகை வைப்பவரும் விரும்பினால் முதலிலேயே முழுத் தொகையாகக் கட்டிக்கொள்ளலாம்.

வார்த்தையாகச் சொன்னதை ஒரு கையில் வைத்துக் காட்டுகிறேன். நான்கு பேர் ஆட்டம். ஆன்ட்டி 1 சில்லு, ப்ரிங்-இன் 3, சின்னப் பந்தயம் 10, பெரியது 20. சீட்டு போடுவதும் பேச்சும் கடிகாரச் சுற்றில், அதாவது இடது பக்கமாக நகரும்.

உங்களுக்குக் கவிழ்ந்தவை ஸ்பேட் 9, டைமண்ட் ராஜா. திறந்தது ஹார்ட் 9. இடது பக்கத்தவர் கிளாவர் 3 காட்டுகிறார், எதிரே இருப்பவர் டைமண்ட் ராணி, வலது பக்கத்தவர் ஹார்ட் 3. இரண்டு 3-களில் கிளாவர் தாழ்ந்தது, ஆக இடது பக்கத்தவர் 3 சில்லு வைத்துத் தொடங்குகிறார். எதிரே இருப்பவர் 10 ஆக நிரப்புகிறார். வலது பக்கத்தவர் விலகுகிறார். உங்களிடம் 9 ஜோடி, கூடவே ராஜா. எதிராளி ராணி ஜோடி வைத்திருக்கலாம், ஆனால் உங்கள் ராஜா அவருடைய ராணியைவிடப் பெரியது, மேசையில் வேறு 9-ம் இல்லை, ராஜாவும் இல்லை. 10 வைத்துத் தொடர்கிறீர்கள். இடது பக்கத்தவர் தன் 3 சில்லை விட்டுவிட்டு விலகுகிறார். நடுவில் 27.

நான்காம் தெரு. எதிராளிக்கு டைமண்ட் 6, உங்களுக்குக் கிளாவர் ராஜா. இப்போது உங்கள் பக்கம் தெரிவது 9, ராஜா. அவர் பக்கம் ராணி, 6. மேசையில் பெரியது உங்கள் ராஜா, ஆக நீங்கள் பேச வேண்டும். கையில் உண்மையில் ராஜா ஜோடியும் 9 ஜோடியும் இருக்கிறது, ஆனால் அவருக்குத் தெரிவது ஒரு ராஜாவும் ஒரு 9-ம் மட்டும்தான். 10 கட்டுகிறீர்கள், அவர் கால் செய்கிறார். நடுவில் 47.

ஐந்தாம் தெரு, இனிப் பெரிய பந்தயம். அவருக்கு ஸ்பேட் ராணி விழுகிறது, திறந்த ராணி ஜோடி. உங்களுக்குக் கிளாவர் 5. தொடங்கும் உரிமை அவரிடம் போய்விட்டது. 20 கட்டுகிறார். இங்கே கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். அவர் மூன்றாம் தெருவிலேயே ராணியை வைத்துக்கொண்டு ஏற்றியவர். கவிழ்ந்ததில் இன்னொரு ராணி இருந்தால் இப்போது மூன்று ராணி, உங்கள் இரண்டு ஜோடி தோற்கும். வேறு ஏதாவது சின்ன ஜோடியோ, மூன்று டைமண்டோ வைத்து ஆரம்பித்திருந்தால் உங்கள் ராஜா ஜோடி இன்னும் முன்னால்தான். நீங்கள் 20 வைக்கிறீர்கள். நடுவில் 87.

ஆறாம் தெரு. அவருக்குக் கிளாவர் ஜாக், உங்களுக்கு டைமண்ட் 3. இரண்டும் யாருக்கும் நேரடியாக உதவவில்லை. அவர் மறுபடி 20. உங்களுக்குத் தெரிந்த சீட்டுகளை எண்ணுங்கள்: உங்கள் ஆறு, அவருடைய திறந்த நான்கு, விலகியவர்கள் காட்டிய இரண்டு 3. மொத்தம் 12. தெரியாதவை 40. ஃபுல் ஹவுஸ் ஆக்கக்கூடியவை இரண்டு ராஜா, இரண்டு 9, நான்கும் இன்னும் வெளியே வரவில்லை. 40-ல் 4, அதாவது பத்து சதவீதம். அவரிடம் மூன்று ராணி என்று உறுதியாகத் தெரிந்தால், 107 சில்லு உள்ள பாட்டுக்காக 20 கொடுப்பது கட்டாது, விலகிவிடுவதுதான் சரி. அவரிடம் இரண்டு ஜோடி இருக்கவும் நியாயமான வாய்ப்பு உண்டு என்று நினைத்தால் தொடரலாம். தொடர்கிறீர்கள். நடுவில் 127.

ஏழாவது கவிழ்ந்து வருகிறது. உங்களுக்கு ஹார்ட் ராஜா. மூன்று ராஜா, இரண்டு 9, ஃபுல் ஹவுஸ். அவர் 20 கட்டுகிறார், நீங்கள் 40 ஆக ஏற்றுகிறீர்கள், அவர் கால் செய்கிறார். கடைசியாக ஏற்றியவர் முதலில் காட்ட வேண்டும், ஆக நீங்கள் திறக்கிறீர்கள். அவரிடம் கவிழ்ந்ததில் ஹார்ட் ராணி இருந்திருக்கிறது, மூன்று ராணி. 207 சில்லு உங்கள் பக்கம். ஐந்தாம் தெருவிலிருந்து அவர்தான் முன்னால் இருந்தார் என்பதையும் கவனியுங்கள். ஜெயித்துவிட்டோம் என்பதால் நாம் வைத்த ஒவ்வொரு சில்லும் சரி என்று ஆகிவிடாது. ஸ்டட் கற்கும்போது முடிவைவிட, அந்தந்தத் தெருவில் என்ன தெரிந்தது, அதை வைத்து என்ன செய்தோம் என்று திரும்பிப் பார்ப்பதுதான் பயன் தரும்.

இனி நான் மிகவும் முக்கியம் என்று நினைக்கும் பகுதி. விலகியவர்கள் சீட்டைக் கவிழ்த்துத் தள்ளிவிடுவார்கள். ஒருமுறை கவிழ்ந்தால் மறுபடி பார்க்கக் கேட்க முடியாது. ஆனால் அந்தச் சீட்டுகள் கட்டிலிருந்து போய்விட்டவை, இனி உங்களுக்கு வராது. அவற்றை நினைவில் வைத்திருப்பவருக்கும் வைக்காதவருக்கும் உள்ள வித்தியாசம் எவ்வளவு என்று ஒரு கணக்கில் காட்டுகிறேன்.

முதல் மூன்று சீட்டும் ஹார்ட்டாக வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். பார்க்க அழகான கை. மற்றவர்களின் சீட்டையே பார்க்காமல் கணக்கிட்டால், ஏழு சீட்டு முடிவதற்குள் ஃப்ளஷ் ஆகும் வாய்ப்பு சுமார் 18 சதவீதம். இப்போது எட்டு பேர் மேசை, மற்ற ஏழு பேரின் டோர் கார்டுகளைப் பாருங்கள். அவற்றில் ஒரு ஹார்ட்கூட இல்லையென்றால் மிச்சம் 42 சீட்டில் பத்து ஹார்ட்டும் உயிரோடு இருக்கின்றன, வாய்ப்பு 23.6 சதவீதத்துக்கு ஏறிவிடுகிறது. அதே ஏழில் மூன்று ஹார்ட் தெரிந்தால் மிச்சம் ஏழுதான், வாய்ப்பு 12.3 சதவீதத்துக்கு இறங்கிவிடுகிறது. கையில் அதே மூன்று சீட்டு. மேசையைப் பார்த்தவருக்கு அது ஒரு இடத்தில் ஏற்றி ஆட வேண்டிய கை, இன்னொரு இடத்தில் முதல் சுற்றிலேயே விலகிவிட வேண்டிய கை. பார்க்காதவருக்கு இரண்டும் ஒன்றே.

ஜோடிக்கும் இதே கதைதான். உங்களிடம் ஜாக் ஜோடி இருக்கிறது. மூன்றாவது ஜாக் வர இரண்டு சீட்டு மிச்சம். அதில் ஒன்று இன்னொருவரின் டோர் கார்டாகத் தெரிந்தால் பாதி வாய்ப்பு போயிற்று. இரண்டும் தெரிந்தால் அந்த ஜோடி இனி வளரவே வளராது.

எட்டு பேர் சீட்டையும் மனதில் நிறுத்துவது எப்படி என்று மலைக்க வேண்டாம். எல்லாவற்றையும் நினைவில் வைக்கத் தேவையில்லை. சீட்டு போட்டு முடிந்ததும், உங்கள் கவிழ்ந்த சீட்டைப் பார்த்துவிட்டு, மேசையை ஒருமுறை இடமிருந்து சுற்றிப் பாருங்கள். உங்களுக்கு எந்த எண், எந்த இனம் வேண்டுமோ அவை எத்தனை வெளியே வந்துவிட்டன என்று மட்டும் எண்ணுங்கள். "இரண்டு ஹார்ட் போச்சு, ஒரு ஜாக் போச்சு" என்று மனதுக்குள் ஒரு வரியாகச் சொல்லிக்கொள்ளுங்கள். ஒருவர் விலகும்போது அவர் சீட்டு கவிழும் முன் ஒரு பார்வை, ஒவ்வொரு புதுச் சீட்டு விழும்போதும் ஒரு பார்வை. இது பழகிய பிறகு, எதிராளிக்கு எது வேண்டியிருக்கும், அவருடையது எத்தனை செத்துவிட்டது என்று எண்ணத் தொடங்குங்கள். அந்தக் கட்டத்தில்தான் ஸ்டட்டின் ருசி தெரியும். ஹோல்டெமில் இரண்டு சீட்டை ஊகிக்கிறோம். இங்கே ஒருவருடைய கை தெருத்தெருவாக வளர்வதைக் கண்ணெதிரே பார்க்கிறோம், எந்தச் சீட்டு விழுந்ததும் அவர் துணிந்து ஏற்றினார், எதற்கு அமைதியானார் என்பதெல்லாம் ஒரு வரலாறாக மேசையில் கிடக்கிறது.

எந்த மூன்று சீட்டோடு ஆட்டத்தில் இறங்குவது? ஒரே எண்ணில் மூன்றும் வந்தால் பேச்சே இல்லை, ஆனால் அது 425 கைக்கு ஒருமுறைதான் வரும். அடுத்தது பெரிய ஜோடி, அதாவது 10 அல்லது அதற்கு மேல். ஜோடியின் இரண்டு சீட்டும் கவிழ்ந்திருந்தால் இன்னும் நல்லது, மூன்றாவது திறந்து விழும்போது யாருக்கும் சந்தேகம் வராது. நடுத்தர, சின்ன ஜோடி என்றால் கூட இருக்கும் மூன்றாவது சீட்டு மேசையில் தெரிபவற்றைவிடப் பெரியதாக இருக்க வேண்டும், மேலே பார்த்த கையில் 9 ஜோடியோடு ராஜா இருந்தது போல. ஒரே இனத்தில் மூன்று, அடுத்தடுத்த எண்ணில் மூன்று, இவை தேவையான சீட்டுகள் உயிரோடு இருந்தால் மட்டும். மற்ற கைகள் வந்தால் விலகிவிடலாம். புதிதாக ஆடுபவர்கள் மூன்றாம் தெருவில் விலகத் தயங்குகிறார்கள், ஆன்ட்டி வைத்துவிட்டோமே என்று. வைத்த ஆன்ட்டி உங்களுடையதல்ல, அது பாட்டுடையது.

அடுத்த பெரிய முடிவு ஐந்தாம் தெரு. பந்தயம் இரட்டிப்பாகும் இடம். அங்கே தொடர்ந்தால் பெரும்பாலும் கடைசி வரை போக வேண்டியிருக்கும், ஒரே எதிராளி என்றாலும் மூன்று பெரிய பந்தயம் காத்திருக்கிறது. நான்காம் தெருச் சீட்டு உதவாமல், எதிராளிக்குப் பொருந்தும்படியான சீட்டு விழுந்திருந்தால், ஐந்தாம் தெருவில் விலகுவது நல்லது. ஆறாம் தெருவில் விலகுவது பாதிப் பணம் கட்டிவிட்டு இறங்குவது போல ஆகிவிடும்.

ஒரு சந்தேகம் கணக்கு தெரிந்தவர்களுக்கு வரும்: எட்டு பேருக்கு ஏழு சீட்டு என்றால் 56, கட்டில் 52 தானே? உண்மைதான். ஒவ்வொரு தெருவுக்கு முன்பும் ஒரு சீட்டை எடுத்துக் கவிழ்த்து ஒதுக்குவதும் உண்டு, அதனால் இன்னும் குறையும். நடைமுறையில் பலர் சீக்கிரம் விலகுவதால் தட்டுப்பாடு அபூர்வமாகவே வரும். அப்படியே வந்து, ஒதுக்கிய சீட்டுகளைச் சேர்த்தும் எல்லோருக்கும் ஏழாவது போதவில்லை என்றால், ஒரே ஒரு சீட்டை நடுவில் திறந்து வைத்து அதை எல்லோருக்கும் பொதுவான ஏழாவது சீட்டாக எடுத்துக்கொள்வார்கள். ஸ்டட்டில் பொதுச் சீட்டு வரும் ஒரே சந்தர்ப்பம் அது.

மேசை முறைகள் சில. திறந்த சீட்டுகளை வந்த வரிசையிலேயே, எல்லோருக்கும் தெரியும்படி வையுங்கள். மாற்றி அடுக்காதீர்கள், கவிழ்ந்தவற்றோடு கலக்காதீர்கள். கையால் மறைத்துக்கொள்வது தப்பு. சீட்டு போடும்போது முதல் இரண்டில் ஒன்று தவறித் திறந்து விழுந்தால் மறுபடி போட வேண்டாம்: அதையே டோர் கார்டாக வைத்துக்கொண்டு மூன்றாவதைக் கவிழ்த்துக் கொடுப்பார்கள். உங்கள் முறை வரும் முன் விலகாதீர்கள், பந்தயம் வைக்காதீர்கள். யாரும் கட்டாமல் செக் வந்துகொண்டிருக்கும்போது விலகவும் வேண்டாம், அடுத்த சீட்டு இலவசமாக வருகிறது. செக் சொல்லிவிட்டு, வேறொருவர் கட்டியதும் அதே சுற்றில் ஏற்றலாமா என்று கேட்பவர்கள் உண்டு. தாராளமாக ஏற்றலாம், அது விதிக்குள்தான்.

இந்த ஆட்டம் இன்று எங்கே இருக்கிறது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். ஸ்டட் வகை ஆட்டங்கள் 19-ஆம் நூற்றாண்டு அமெரிக்காவில், அங்கே உள்நாட்டுப் போர் நடந்த 1860-களை ஒட்டிப் பரவியவை. முதலில் ஒரு சீட்டு கவிழ்த்து நான்கு திறந்து ஆடும் ஐந்து சீட்டு ஸ்டட், பிறகு அதை ஓரம் கட்டிய ஏழு சீட்டு ஸ்டட். 2003-க்குப் பிறகு தொலைக்காட்சியும் இணையமும் ஹோல்டெமை எங்கும் கொண்டுபோய்ச் சேர்த்ததில் ஸ்டட் மேசைகள் குறைந்துபோயின. ஆனால் பல ஆட்டங்களை மாற்றி மாற்றி ஆடும் போட்டிகளில் ஸ்டட் இல்லாமல் வேலை ஆகாது. ஹார்ஸ் என்ற ஐந்து ஆட்டத் தொகுப்பில் மூன்று ஸ்டட் குடும்பத்தைச் சேர்ந்தவை. 2006-ல் உலகத் தொடர் போக்கரில் 50,000 டாலர் நுழைவுத் தொகையோடு நடந்த ஹார்ஸ் போட்டியை வென்ற அமெரிக்க ஆட்டக்காரர் சிப் ரீஸ், ஸ்டட்டில் பேர் போனவர்.

பயிற்சிக்கு ஒரு வழி சொல்கிறேன். ஆள் கிடைக்கவில்லை என்றால் தனியாகவே கட்டைக் கலைத்து ஆறு கைக்குச் சீட்டு போடுங்கள், பந்தயம் வேண்டாம். ஒவ்வொரு தெருவிலும் மூன்று கேள்வி: யார் தொடங்க வேண்டும், சின்னப் பந்தயமா பெரியதா, ஒவ்வொரு கைக்கும் தேவையான சீட்டு எத்தனை போய்விட்டது. பதில் தயங்காமல் வரும்போது மூன்று கைகளைக் கவிழ்த்துவிட்டு, அவற்றில் என்ன திறந்திருந்தது என்று சொல்லிப் பாருங்கள். கவிழ்த்ததைத் திறந்து சரிபார்த்துக்கொள்ளலாம், உண்மையான மேசையில் அந்த வசதி கிடையாது. ஆள் சேர்ந்ததும் முதலில் நான்கு பேர் போதும், எட்டு பேரோடு தொடங்க வேண்டாம்.

இது கைவந்த பிறகு ராஸ் என்ற ஆட்டத்துக்குப் போங்கள். சீட்டு போடும் முறை அச்சாக இதே, ஆனால் மிகத் தாழ்ந்த கை ஜெயிக்கும், ஏஸ், 2, 3, 4, 5 தான் அங்கே உச்சம், ஸ்ட்ரெய்ட்டும் ஃப்ளஷ்ஷும் கணக்கில் வராது. அதற்கேற்ப எல்லாம் தலைகீழ்: மூன்றாம் தெருவில் மிகப் பெரிய சீட்டு காட்டுபவர் ப்ரிங்-இன் வைக்க வேண்டும், நான்காம் தெருவிலிருந்து தாழ்ந்த சீட்டுகள் காட்டுபவர் முதலில் பேச வேண்டும். ஏஸ் அங்கே மிகச் சின்ன சீட்டு, ஆக ராஜா காட்டுபவர்தான் கட்டாயத் தொகைக்கு மாட்டுவார்.